தானியம் திரும்பி வந்தது, உழைப்பு வரவில்லை



நஞ்சில்லா உணவுச் சந்தைகளில் சாமை, வரகு வாங்க வருகிறவர்கள் இப்போது அடிக்கடி ஒரு குறையைச் சொல்கிறார்கள். "அரிசியை விட்டுட்டு சிறுதானியத்துக்கு மாறினேங்க. முதல் ரெண்டு மாசம் மளமளன்னு நாலஞ்சு கிலோ இறங்குச்சு. அப்புறம் முள்ளு அசையவே மாட்டேங்குது. இனி என்ன சாப்பிட்டா இறங்கும்?"

கடை போட்டிருக்கிற நம் ஆட்களிடம் பதில் தயாராக இருக்கிறது. "சாமையை விட்டுட்டு குதிரைவாலிக்கு மாறிப் பாருங்க." "கொள்ளுக் கஞ்சி குடிங்க." "இந்தப் பொடியை வெந்நீர்ல கலந்து வெறும் வயித்துல குடிங்க, கொழுப்பு கரையும்." வந்தவரும் ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கிக்கொண்டு போகிறார். நமக்கு ஒரு வியாபாரம் ஆச்சு. அவருக்கு எடை இறங்குச்சா என்று யாரும் திரும்பிக் கேட்பதில்லை.

கேட்கிறவர்கள் எல்லாம் நகரத்து ஆட்களும் இல்லை. நம்மில் பலருக்கே தொப்பை இருக்கிறது, மூட்டு வலி இருக்கிறது, சர்க்கரை மாத்திரை இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றும், தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு இருக்கிறது என்றும் அது சொன்னது. ஏழு பேரில் ஒருவர்! கிராமம் என்றால் இந்த நோய் அண்டாது என்ற காலம் போய்விட்டது. ஆகவே இது அழகுக்காக இளைக்கிற பேச்சு இல்லை. காலும் கண்ணும் சிறுநீரகமும் காப்பாற்றப்படுமா என்ற பேச்சு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடை நின்றுபோன இடத்தில் ஒரு தானியத்தை விட்டு இன்னொரு தானியத்துக்குத் தாவுவதால் ஒன்றும் ஆகாது. தட்டில் தானியத்தின் அளவு குறையணும், பயறும் காய்கறியும் கூடணும், உடம்புக்கு வேலை திரும்ப வரணும். இதைச் சொல்லாமல் "சிறுதானியம் சாப்பிட்டா எடை குறையும்" என்று மட்டும் பலகை எழுதி வைத்தால், இன்றைக்கு ஒரு கிலோ விற்கும். நாளைக்கு நம் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள்.

எடை ஏன் நிற்கிறது?

முதல் சில வாரங்களில் சட்டென்று இறங்குவது முழுக்கக் கொழுப்பு இல்லை. நம் உடம்பு மாவுச்சத்தில் கொஞ்சத்தைக் கிளைக்கோஜனாக மாற்றி ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் இந்தச் சேமிப்பு கரைகிறது, கூடவே தண்ணீரும் போகிறது. எடை மிஷினில் கிலோ கிலோவாக இறங்குவதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுகிறோம். அந்தத் தண்ணீர் போய் முடிந்ததும் வேகம் குறைவது இயல்புதான்.

அடுத்தது, இளைத்த உடம்புக்குச் செலவு குறைவு. பாரம் குறைந்த வண்டியை இழுக்க மாட்டுக்கு அவ்வளவு பலம் வேண்டியதில்லை அல்லவா, அதே கதைதான். 80 கிலோ உடம்பு 72 ஆனால் நடக்க, குனிய, மூச்சு விட, எல்லாவற்றுக்கும் ஆகிற செலவு குறைந்துவிடும். அப்போது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹாலும் அவருடைய கூட்டாளிகளும் 2016இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு கிலோ இறங்கினால் நாள் ஒன்றுக்கு உடம்பின் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. ஆனால் பசி ஏறக்குறைய 100 கலோரி கூடுகிறது! எட்டுக் கிலோ இறங்கினவருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செலவு 200 கலோரி போலக் குறைந்திருக்கும், பசியோ 800 கலோரிக்கு இழுக்கும். அவர் வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அவர் வரத்து ஏறிக்கொண்டே இருக்கிற ஆற்றில் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இதில் உடம்பின் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. பஞ்சம் பார்த்து வந்த உடம்பு இது. எடை இறங்கினால் "ஏதோ பஞ்ச காலம் வந்துட்டுது" என்று எடுத்துக்கொண்டு செலவைச் சுருக்குகிறது. மழை பொய்த்தால் பயிர் இலையைச் சுருட்டிக்கொண்டு உயிரைப் பிடித்து வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம், அதேதான்.

அதனால்தான் எடை நின்றதும் பட்டினியில் இறங்குவது சரியான வழி இல்லை என்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடிகிற காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். அவர்கள் தாமாக முன்வந்தவர்கள். 24 வாரம் அரைப்பட்டினி. எடையில் கால் பங்கு போனது. உடம்பின் அடிப்படைச் செலவு 40 சதவீதம் போல விழுந்தது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சோர்வு, எரிச்சல். திரும்பச் சாப்பிட ஆரம்பித்தபோது பலருக்குப் பழைய அளவுக்கு மேல் கொழுப்பு ஏறியது. ஒரு வேளைக் கஞ்சியில் ஒரு மாதம் ஓட்டி, பிறகு விட்ட எடையை வட்டியோடு வாங்கிக்கொள்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

சாமையும் தானியம்தான்

இது சொல்லக் கசப்பாக இருக்கும், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். தீட்டிய அரிசி 100 கிராமில் 350 கலோரி போல இருக்கிறது. சாமையிலும் கம்பிலும் 345க்குப் பக்கம். வரகில் 330, கேழ்வரகில் 320. வித்தியாசம் அவ்வளவுதான். சிறுதானியத்தின் சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அரிசியைவிட நார்ச்சத்து பல மடங்கு உண்டு, கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து ஏராளம், கம்பில் இரும்புச்சத்தும் புரதமும் கூடுதல். மானாவாரியில் விளையும், தண்ணீர் கேட்காது, உரக்கடைக்கு ஓட வைக்காது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவிப்பதற்கு முன்பிருந்தே நாம் இதைப் பேசி வந்திருக்கிறோம். அதில் எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் தானியம் என்பது மாவுச்சத்து. அரிசிச்சோறு நான்கு கரண்டி சாப்பிட்டவர் சாமைச்சோறு நான்கு கரண்டி சாப்பிட்டால், நார்ச்சத்து கொஞ்சம் கூடும், மாவுச்சத்து பெரிதாகக் குறையாது. அந்த நார்ச்சத்தும் தீட்டாத தானியத்தில்தான் முழுசா இருக்கும். பார்வைக்கு நல்லா இருக்கணும், சீக்கிரம் வேகணும் என்று வெள்ளை வெளேர் எனத் தீட்டி, பிறகு ரவை, மாவு, சேமியா, முறுக்கு, பிஸ்கட் என்று மாற்றி விற்றால் அதில் சிறுதானியம் பெயரில்தான் மிச்சம் இருக்கும்.

இதற்கு ஆய்வும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து எடுத்த அதே நாடு தழுவிய ஆய்விலிருந்து உணவு பற்றிய அலசல் ஒன்று 2025இல் வெளியானது. நம் மக்கள் சாப்பிடுகிற கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. தீட்டிய அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிட்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் இருந்தால், சர்க்கரை நோய்க்கான வாய்ப்போ தொப்பைக்கான வாய்ப்போ குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டுப் பயறு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தவர்களிடம் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைவாக இருந்தது. இது ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் இதனால்தான் இது நடந்தது என்று முடிவாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் நம் சந்தைப் பலகைகளை ஒருமுறை திருத்தி எழுத இது போதும்.

இயற்கை என்றால் கணக்கு கிடையாதா?

இயற்கை உணவுக்கு மாறிய வீடுகளில் ஒரு வழக்கம் வந்துவிடுகிறது. வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் தாராளமாகப் புழங்குவது. ரீபைண்ட் எண்ணெயை ஒதுக்கிவிட்டு மரச்செக்கு எண்ணெயைக் கை நிறைய ஊற்றுவது. "நம்ம எண்ணெய்தானே, ஒண்ணும் பண்ணாது." சாயங்காலம் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, தேங்காய்ப்பால்.

பொருள் நல்ல பொருள்தான். ரசாயனம் இல்லை, கலப்படம் இல்லை. ஆனால் மரச்செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. நாட்டுச்சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரையும் கலோரியில் ஏறக்குறைய ஒன்றுதான், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நஞ்சு இல்லை என்பது ஒரு கணக்கு, எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. முதல் கணக்கில் பாஸ் ஆகிவிட்டோம் என்பதால் இரண்டாவதை எழுதாமல் எழுந்து போய்விட முடியாது.

எடை நின்றுபோனவர் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய்த் தூக்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி சாப்பாட்டுக்கு நாள் ஒன்றுக்கு 27 கிராம் எண்ணெய், நெய் போதும் என்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் ஆகிறது என்று இந்த மாதம் எழுதிப் பாருங்கள். பதில் அங்கேயே கிடைத்தாலும் கிடைக்கும்.

மாட்டுக்குப் பார்க்கிற கணக்கு

மாடு வளர்க்கிற நமக்கு இதையெல்லாம் புதிதாக யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. உழவு மாட்டுக்கு வேலைக் காலத்தில் ஒரு தீவனம், சும்மா கட்டிக் கிடக்கிற காலத்தில் ஒரு தீவனம். ஏர் பூட்டுகிற மாதத்தில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு வைப்போம். வேலை ஓய்ந்ததும் அதைக் குறைத்து வைக்கோலும் பசுந்தீவனமும் போதும் என்று விடுவோம். கறவை மாட்டுக்குக்கூட எத்தனை லிட்டர் கறக்கிறதோ அதைப் பார்த்துத்தான் அடர்தீவனம் அளக்கிறோம். வற்றிய மாட்டுக்கு அதே தீவனத்தை வைத்தால் வீண் என்று தெரியும்.

நம்மை எடுத்துக்கொள்ளுங்கள். கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த தலைமுறை சாப்பிட்ட களியை, செல்போனில் மோட்டார் போடுகிற தலைமுறையும் அதே அளவில் சாப்பிடுகிறது. உழவு டிராக்டரில், அறுப்பு இயந்திரத்தில், களை எடுக்க வீடர், வயலுக்குப் போக பைக். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர்கூட நடப்பதில்லை. "நான் விவசாயி, எனக்கெதுக்கு உடற்பயிற்சி?" என்று கேட்கிறவர், நேற்று மண்வெட்டியை எத்தனை நிமிடம் பிடித்தார் என்று நினைத்துப் பார்க்கட்டும்.

பெண்கள் பக்கம் இது இன்னும் பெரிய மாற்றம். அந்தக் காலத்தில் ஒரு படி சாமை சோறாக வேண்டும் என்றால் உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, கல் பார்த்து, தண்ணீர் சுமந்து வந்து உலை வைக்கணும். சாப்பிடுவதற்கு முன்பே அந்தச் சோற்றில் பாதி செலவாகிவிடும். உலக்கையைத் திரும்பக் கொண்டுவாங்க என்று நான் சொல்லவில்லை. பெண்களின் இடுப்பையும் தோளையும் உடைத்த வேலை அது. இயந்திரம் வந்தது நல்லதுதான். ஆனால் உலக்கையோடு சேர்ந்திருந்த சோற்றளவு உலக்கை போன பிறகும் அப்படியே இருக்கிறது. தானியத்தை மீட்டெடுத்தோம், கூடவே போன உழைப்பை மறந்துவிட்டோம்.

காட்டில் இருந்த கலப்பு தட்டில் இல்லை

நாம் மறந்தது இன்னொன்றும் உண்டு. பழைய மானாவாரிக் காட்டில் சிறுதானியம் தனியாக நின்றதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் அவரை, மொச்சை, துவரை, கடுகு, ஆமணக்கு என்று வரிசை வரிசையாக ஊடுபயிர் நிற்கும். களிக்குத் தொட்டுக்கொள்ள அவரைக்கொட்டைக் குழம்பும் கீரையும் அதே காட்டிலிருந்து வந்தன. இப்போது சந்தைக்காகச் சாமையைத் தனிப்பயிராக வைக்கிறோம். தட்டிலும் சாமை தனியாகவே இருக்கிறது, பக்கத்தில் ஓரமாக ஒரு கரண்டிச் சாம்பார்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியைப் பலரும் பொடி விற்கப் பயன்படுத்துகிறார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடாது. ஆனால் 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் இருக்கிறது. பாசிப்பயறு, தட்டைப்பயறு, உளுந்து எல்லாமே ஏறக்குறைய இந்தக் கணக்குதான். தானியத்தில் புரதம் 7 முதல் 12 கிராம்தான். புரதமும் நாரும் சேர்ந்தால் வயிறு நீண்ட நேரம் நிறைந்திருக்கும், அந்த 800 கலோரிப் பசியைச் சமாளிக்க முடியும். இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். புரதமும் உடல் உழைப்பும் இருந்தால் தசை ஓரளவு தப்பிக்கும். பழமொழியின் பலன் அங்கேதான் இருக்கிறது, ஒரு ஸ்பூன் பொடியில் இல்லை. கொள்ளை ஒரு கிண்ணம் வேகவைத்துச் சாப்பிட்டு, அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்தால்தான் அது வேலை செய்யும்.

நின்ற இடத்தில் என்ன செய்யலாம்?

முதலில் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். ஒரே மிஷினில், வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில். நாலு வாரம் அசையவில்லை என்றால்தான் நின்றதாக அர்த்தம். கூடவே இஞ்சு டேப் வைத்து தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதுங்கள். எடை நின்றும் இடுப்பு குறைந்தால் நல்ல வழியில்தான் போகிறீர்கள். நம் மக்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர் எல்லைக்கோடு.

இரண்டாவது, தானியத்தை வேகாத நிலையில் எடை போடுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி 2,000 கலோரிக்கு 250 கிராம் தானியம் போதும் என்கிறது. இட்லி மாவில் இருக்கிற அரிசி, கேழ்வரகுக் கூழ், மத்தியானச் சோறு, ராத்திரி சப்பாத்தி எல்லாம் சேர்த்துத்தான் 250. மூன்று வேளையும் தானியமாகவே சாப்பிடுகிற நம் வீடுகளில் ஒரு ஆளுக்கு 400 கிராம் தாண்டுவது சாதாரணம். அதில் 100 கிராம் குறைத்தால் 340 கலோரி குறையும். அந்த இடத்தில் பயறு 85 கிராமுக்குக் குறையாமலும், காய்கறி கீரை 400 கிராமும் வையுங்கள். முட்டை, மீன் சாப்பிடுகிறவர்கள் அதைப் பயறின் பங்கில் சேர்த்துக்கொள்ளலாம். தட்டில் முதலில் காயையும் பயறையும் வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் சோறு. இப்போது நாம் செய்வது இதற்கு நேர்மாறு.

மூன்றாவது, உழைப்பு. ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் 200, 250 கலோரிதான் செலவாகும். இரண்டு கரண்டி எண்ணெயில் அது திரும்பி வந்துவிடும். ஆகவே நடந்தாலே எடை இறங்கும் என்று நம்பி வாயை விட்டுவிடாதீர்கள். ஆனால் தசையைக் காப்பாற்றவும், சர்க்கரையை அடக்கவும், இறங்கின எடை திரும்ப ஏறாமல் இருக்கவும் உழைப்பு இல்லாமல் முடியாது. தோட்டத்துக்குப் பைக்கை விட்டுவிட்டு நடங்கள். காலையில் அரை மணி நேரம் மண்வெட்டி பிடித்து வாய்க்கால் சரி செய்யுங்கள், மூடாக்கு அள்ளிப் போடுங்கள், பஞ்சகவ்யக் குடத்தைக் கையால் தூக்குங்கள். பாரம் தூக்குகிற வேலைதான் தசைக்கு உரம். முட்டி வலி இருப்பவர்கள் மெதுவாகத் தொடங்கினால் போதும்.

நான்காவது, தூக்கம். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 10 பேரை வைத்துச் சிறிய அளவில் ஒரு ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டார்கள். அதே அளவு சாப்பாடுதான். எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்த 14 நாளில் கரைந்த கொழுப்பைவிட, ஐந்தரை மணி நேரம் மட்டும் இருந்த 14 நாளில் பாதிக்கும் குறைவாகவே கரைந்தது. அதற்குப் பதில் தசை கரைந்தது. மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வருகிற ஊர்களில் தண்ணீர் பாய்ச்ச எழுந்து போகிற உழவருக்கு எடை இறங்காமல் இருப்பதில் என்ன ஆச்சரியம்? பகலில் மும்முனை மின்சாரம் கேட்பதை நம் இயக்கம் பாசனக் கோரிக்கையாக மட்டும் வைக்கிறது. அது உடல்நலக் கோரிக்கையும்தான்.

ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொண்டு குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறைக் கூட்டுவதற்கு முன்பு கேட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு மருந்து இவையும் எடையைப் பிடித்து வைக்கும். அதைப் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும்.

முள் அசையாவிட்டாலும் பலன் உண்டு

இவ்வளவும் செய்தும் முள் அசையவில்லை என்றால்? விட்டுவிடாதீர்கள். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டையும் உடல் உழைப்பையும் திருத்திக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருகிற வாய்ப்பு, வழக்கம்போல இருந்தவர்களைவிட 28.5 சதவீதம் குறைந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர்களின் எடை பெரிதாக இறங்கவே இல்லை. எடை இறங்காமலே நோய் தள்ளிப்போனது.

ரசாயனத்தை விட்டுவிட்டு இயற்கை வழிக்கு மாறின நிலத்தை நினைத்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் விளைச்சல் ஏறாது. பக்கத்துக் காட்டுக்காரர் சிரிப்பார். ஆனால் மண்ணைத் தோண்டினால் மண்புழு தெரியும், ஈரம் நிற்பது தெரியும். மூட்டைக் கணக்கை மட்டும் பார்த்தவர்கள் திரும்ப யூரியாவுக்கே போனார்கள். மண்ணைப் பார்த்தவர்கள் நின்றார்கள். உடம்பிலும் எடை மிஷின் காட்டுவது மூட்டைக் கணக்கு மட்டும்தான். இடுப்பளவு, சாப்பிட்ட பிறகு சர்க்கரை, ரத்த அழுத்தம், படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்பதெல்லாம் மண்ணின் கணக்கு.

நம் இயக்கம் செய்ய வேண்டியது

மூன்று காரியம் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

நம் சந்தைகளிலும் கடைகளிலும் "எடை குறைக்கும்", "சர்க்கரையை விரட்டும்" என்ற பலகைகளை எடுத்துவிடுவோம். "தீட்டாத சாமை. அளவாகச் சோறு, நிறையப் பயறும் காயும்" என்று எழுதுவோம். சாமை விற்கிற இடத்திலேயே பயறும் கீரையும் சேர்த்து விற்போம். வியாபாரம் குறையாது, நம்பிக்கை கூடும்.

வீட்டுக்கென்று பயறு விதைப்போம். வரப்பில் தட்டைப்பயறு, சாமையில் ஊடாகத் துவரை, கொல்லையில் அவரைப் பந்தல், நாலு முருங்கை. விற்பதற்கு விளைத்ததில் மிஞ்சினதைச் சாப்பிடுகிற வழக்கத்தை மாற்றி, வீட்டுத் தட்டுக்கு என்ன தேவையோ அதை முதலில் விதைப்போம். மண்ணுக்கும் தழைச்சத்து கிடைக்கும்.

கடைசியாக, மாதாந்திரக் கூட்டங்களுக்கு ஒரு இஞ்சு டேப்பும் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியும் கொண்டுவருவோம். விதை பரிமாறுவது போல அளவுகளையும் எழுதி வைப்போம். எடை இறங்காதவரைப் பார்த்து "வாயைக் கட்டலையா?" என்று கேலி பண்ணாமல், "அண்ணே, தானியம் எவ்வளவு போடுறீங்க, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?" என்று கேட்போம். மாட்டுக்குத் தீவனம் அளக்கத் தெரிந்த நமக்கு நம் தட்டை அளக்கவும் தெரியும். இந்த மாதக் கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.